எங்க ஊர் லைன் கதை

மரவள்ளிக்கு களை எடுத்து முடிஞ்சது. அடுத்த தண்ணி விட இன்னும் ரெண்டு நாள் இருக்கு. அதனால இந்தத் தடவை கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

போன வாரம் மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருக்கற டீக்கடையில உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கு சென்னையிலிருந்து வந்திருந்த ஒருத்தர், டீயை ஆத்திக்கிட்டே பொதுவா ஒரு கேள்வி கேட்டார். "ஏங்க, லைன் எப்போ வருதாம்?"

மூணு பேர் ஒரே நேரத்துல பதில் சொன்னாங்க. பம்புசெட் வச்சிருக்கற ஒருத்தர், "ராத்திரி பத்து மணிக்கு மேலதாங்க"ன்னார். அவர் சொன்னது மும்முனை கரண்ட். வயசான ஒருத்தர், "என் பேரன் காலத்துலயாவது வருமோ என்னமோ"ன்னார். அவர் சொன்னது மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதை. டீக்கடை அண்ணன், "இன்னிக்கு அரூர் லைனு. நம்ம லைன் நாளைக்குத்தான்"ன்னார். அவர் சொன்னது கடைக்கு பிஸ்கட்டும் பன்னும் போடற ஏஜென்சி வண்டி.

கேட்டவர் முழிச்சார். அவர் கேட்டது ரயிலைத்தான். மூணு பேரும் சொன்னது சரியான பதில்தான், ஆனா ஒரே வார்த்தைக்கு மூணு பொருள். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அதே யோசனை. லைன்னா என்ன? இங்கிலீஷ் தெரியாத எங்க ஆயாகூட வாழ்நாள் முழுக்க சொன்ன வார்த்தை அது. எண்ணிப் பார்த்தா எங்க ஊரோட நூத்தி அறுபது வருஷக் கதை அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு.

முதல்ல நாங்க அதை எப்படியெல்லாம் பேசறோம்னு சொல்றேன். ரேஷன் கடையில நிக்கறது லைன். போன் எடுத்தா "லைன் கிடைக்கல". பாதியில நின்னா "லைன் கட்டாயிடுச்சு". மின்கம்பம் ஏறறவர் லைன்மேன். கிணத்துலேர்ந்து கொல்லைக்கு மண்ணுக்குள்ள போறது பைப்லைன். சொட்டுநீர்ப் பாசனம் போட்டவங்களுக்கு மெயின் லைன் தனி, சப் லைன் தனி. டவுன்ல வரிசையா ஒட்டிக் கட்டின வாடகை வீடு லைன் வீடு. போலீஸ்காரங்க குடியிருப்பு போலீஸ் லைன். பஸ் ஸ்டாண்டுல ஒரு பையன் ஒரு பொண்ணையே பார்த்துக்கிட்டு நின்னா "லைன் விடறான்". சினிமாக்காரங்க கதையைச் சுருக்கிச் சொன்னா அது ஒன் லைன்.

இத்தனைக்கும் தமிழ்ல வார்த்தை இல்லாம இல்லை. கோடு இருக்கு, வரிசை இருக்கு, வரி இருக்கு, ஏர் ஓட்டறப்போ விழற சால் இருக்கு. இருந்தாலும் லைன் வந்து உட்கார்ந்துக்கிச்சு. ஏன்னா மேலே சொன்னதுல பெரும்பாலானது வெளியிலேர்ந்து ஊருக்குள்ள வந்த சாமான். சாமானோட பேரும் கூடவே வந்துச்சு.

இந்தச் சொல்லோட பிறப்பைத் தேடினப்போ ஒரு விவசாயியா எனக்கு சந்தோஷமா இருந்தது. அது பிறந்தது ஒரு கொல்லையிலதான். லத்தீன் மொழியில லீனும்னா ஆளிச்செடி. சென்னையில நீங்க சூப்பர் மார்க்கெட்ல ஃபிளாக்ஸ் சீட்னு வாங்கிச் சாப்பிடறீங்களே, அந்த ஆளி விதையோட செடிதான். அதோட நாரைத் திரிச்சு செஞ்ச நூலுக்கு லீனியான்னு பேர். அந்த நூலை இழுத்துக் கட்டி நேர் பார்த்தாங்க. நூலோட பேரே நேர்கோட்டுக்கும் ஆகிப்போச்சு. லினன் துணி, சட்டைக்கு உள்ள தைக்கற லைனிங், எல்லாம் அதே குடும்பம்.

நம்ம பக்கம் பாருங்க. கொத்தனார் சுவர் எழுப்பும்போது இழுத்துக் கட்டறதும் நூல்தான். நேரா இருந்தா "நூல் பிடிச்ச மாதிரி இருக்கு"ம்போம். தச்சு ஆசாரிக்கு நூல்னா அளவும்கூட. எட்டு நூல் ஒரு அங்குலம். படிக்கிற புத்தகத்துக்கும் நூல்னுதான் பேர். நன்னூல் எழுதின பவணந்தி முனிவர், மரத்தோட கோணலைத் தீர்க்கற தச்சன் நூலையும் மனசோட கோணலைத் தீர்க்கற புத்தகத்தையும் ஒண்ணா வச்சுப் பேசியிருக்கார். ஆக, ரெண்டு மொழியும் ஒரே இடத்துலேர்ந்துதான் கிளம்பியிருக்கு. ஒரு இழை, அதை இழுத்துப் பிடிக்க ரெண்டு கை.

ஆனா வரின்னு ஒரு சொல் இருக்கே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வரின்னா கோடு. வரின்னா அரசாங்கத்துக்குக் கட்டற பணமும்தான். எந்தக் காலத்துல எப்படி ஒட்டிக்கிச்சோ, நிலத்து மேல ஒருத்தன் கோடு போட்டா பின்னாடியே கணக்கு வரும்ங்கறது அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கற மாதிரி எனக்குத் தோணும்.

எங்க பக்கத்துல அது நடந்தது 1792-க்கு அப்புறம். அந்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில திப்பு சுல்தான் கிட்டேர்ந்து பாராமகால் சீமை கும்பினி கைக்குப் போனது. இன்னிக்கு இருக்கற தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமெல்லாம் அந்தச் சீமைதான். அலெக்சாண்டர் ரீட்னு ஒரு ராணுவ அதிகாரியை நிர்வாகத்துக்கு அனுப்பினாங்க. அவருக்கு உதவியா வந்தவர்கள்ல ஒருத்தர் தாமஸ் மன்றோ. பின்னாடி சென்னை கவர்னரா ஆனாரே, குதிரை மேல உட்கார்ந்து தீவுத்திடல் பக்கம் சிலையா இருக்காரே, அவரேதான். 1799 வரைக்கும் இந்தப் பக்கம்தான் வேலை பார்த்தார். தருமபுரியில தங்கியிருந்தார். நிலத்தை அளந்து ஒவ்வொரு குடியானவனோடும் நேரடியா வரி பேசற ரயத்துவாரி முறை இங்கதான் முளைவிட்டது.

அந்த அளவையோட வாரிசு இன்னும் நம்ம கையில இருக்கு. உங்க சொந்த ஊர் நிலத்துக்கு எஃப்.எம்.பி. வரைபடம் வாங்கிப் பாருங்க. நிலத்தோட எல்லைக்கு எஃப் லைன்னு பேர். நிலத்தை முக்கோணங்களாப் பிரிக்க குறுக்கே கற்பனையா இழுக்கற கோட்டுக்கு ஜி லைன்னு பேர். சர்வேயர் வந்து, "ஜி லைன்லேர்ந்து அளந்தா உங்க வேலி ரெண்டு அடி தள்ளி இருக்கு"ம்பார். அந்தக் கற்பனைக் கோட்டுக்காக அண்ணன் தம்பி பேசாம இருக்கற வீடு ஊருக்கு ரெண்டு இருக்கும்.

எங்க ஊருக்கு நிஜமான லைன், அதாவது இரும்பு லைன் வந்தது 1861-ல். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ராயபுரத்துலேர்ந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட பாதை அது. 1856-ல் ராயபுரம்–வாலாஜா வரைக்கும் ஓடினது, கொஞ்சம் கொஞ்சமா நீண்டு, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் தாண்டி, சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி வழியா சேலம் போய்ச் சேர்ந்தது. சென்னை–சேலம் ரயில்ல போறவங்க யாரா இருந்தாலும் எங்க ஊரைத் தாண்டித்தான் போகணும். என்ன, ராத்திரி தூங்கிக்கிட்டு போயிருப்பீங்க.

அப்போ தருமபுரி தனி மாவட்டம் இல்லை. 1965 அக்டோபர் 2 வரைக்கும் சேலம் மாவட்டத்தோட பகுதிதான். தருமபுரி டவுன் வழியா லைன் போகல. மொரப்பூர் வழியாப் போச்சு. அதனால இத்துனூண்டு ஊரா இருந்தாலும் தருமபுரிக்காரங்க வண்டி கட்டிக்கிட்டு இங்க வந்துதான் ரயில் ஏறணும். பின்னாடி சேலத்துலேர்ந்து ஓமலூர், தருமபுரி, ஓசூர் வழியா பெங்களூருக்கு ஒரு லைன் வந்தது. ஆனா இன்னிக்கும் சென்னைக்குப் போக தருமபுரிக்காரங்க பஸ் பிடிச்சு மொரப்பூர் வர்றது நின்னுடல.

லைன் வந்து பதினஞ்சு வருஷத்துல தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரைக்கும். சேலம் மாவட்டம் அடி வாங்கின மாதிரி வாங்கின மாவட்டங்கள் கம்மி. 1871 கணக்கெடுப்புல ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்த மாவட்டத்துல, 1881-ல எண்ணினப்போ இருந்தது சுமார் 16 லட்சம் பேர். பத்து வருஷத்துல கூட வேண்டிய ஜனத்தொகை அஞ்சுல ஒரு பங்குக்குக் கிட்ட குறைஞ்சு போச்சு. செத்தவங்க பாதி, ஊரை விட்டுப் போனவங்க பாதின்னு பிரிச்சுச் சொல்ல என்கிட்ட கணக்கு கிடையாது. எங்க ஆயா அதை "தாது வருஷம்"னு மட்டும் சொல்லும். அதுக்கு மேல பேசாது. அது பொறக்கறதுக்கு முன்னாடி நடந்த கதை, ஆனா பேச்சை அடக்கற அளவுக்கு வீட்டுல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு.

அந்தப் பஞ்சத்துக்கு அப்புறம் 1878-ல் அரசாங்கம் அமைச்ச பஞ்சக் கமிஷன், வறண்ட பிரதேசங்களுக்கு தானியம் கொண்டுபோக லைன் போடணும்னு சொன்னது. அப்படி யோசிச்சுப் போட்ட சின்ன லைன்கள்ல ரெண்டு நம்ம பக்கம் வந்தது. 1905-ல் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி. 1906-ல் மொரப்பூர்–தருமபுரி. பதினெட்டரை மைல், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். 1913-ல் அதை ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க.

பெரிய லைன்ல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அஞ்சரை அடி. இந்தச் சின்ன லைன்ல ரெண்டரை அடி. ஒரு ஆள் காலை அகட்டி வச்சா ரெண்டு பக்கமும் தொடலாம். தாத்தா சின்னப் பையனா அதுல போயிருக்கார். மேடு ஏறும்போது இறங்கி கூடவே நடந்து, வெளிக்குப் போயிட்டு வந்து மறுபடி ஏறிக்கலாம்னு சிரிச்சுக்கிட்டே சொல்வார். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார், ஆனா வேகம் எப்படின்னு புரிஞ்சுக்கலாம். சின்ன வண்டி பெரிய லைன்ல ஓடாது. அதனால தருமபுரி பக்கத்துலேர்ந்து வர்ற மூட்டையெல்லாம் மொரப்பூர்ல இறக்கி பெரிய வண்டியில ஏத்தணும். அந்த மூட்டை தூக்கற வேலையிலதான் எங்க ஊர்ல பாதிக் குடும்பம் கஞ்சி குடிச்சதுன்னு அவர் சொல்வார்.

1941-ல், ரெண்டாம் உலகப்போர் நடந்துக்கிட்டு இருக்கும்போது, இந்தச் சின்ன லைனை மூடி தண்டவாளத்தைப் பேர்த்தாங்க. அந்த நேரத்துல இந்தியா முழுக்க பல கிளை லைன்களைப் பேர்த்து போர்த் தேவைக்கு அனுப்பினாங்க. "போட்டவனே பிடுங்கிட்டுப் போனான்"ங்கறது தாத்தாவோட ஒரு வரிச் சரித்திரம். பஞ்சம் வந்தா எங்களைக் காப்பாத்தணும்னு போட்ட லைன், இன்னொருத்தர் சண்டைக்காகப் போச்சு.

ஆனா பேர் போகல. எங்களுக்கு ஒரு துண்டு மேட்டு நிலம் உண்டு. வீட்டுல அதுக்குப் பேர் லைன் கொல்லை. அங்க இப்போ எந்த லைனும் கிடையாது. அதை ஒட்டி மண் கொஞ்சம் தூக்கலா, நீளமா ஒரு மேடு ஓடும். மாடு மேய்க்கற பசங்க அதுமேலதான் நடப்பாங்க. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அங்க ஒரு துருப்பிடிச்ச ஆணி கிடைச்சது, விரல் தண்டிக்கு. தாத்தா அதைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, "இது நம்ம லைனோடது"ன்னார். நம்ம லைன்! இருந்தது மொத்தமே முப்பத்தஞ்சு வருஷம். போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆனாலும் நம்ம லைன்.

இதுக்கு நடுவுல இதே சொல் கடல் தாண்டியும் போயிருக்கு. எங்க ஆயாவோட சித்தப்பா ஒருத்தர் கண்டிக்குப் போனவர். கண்டின்னா இலங்கை மலைநாட்டுத் தோட்டம் எல்லாத்துக்கும் சேர்த்து அந்தக் காலத்துப் பேர். முதல்ல காப்பித் தோட்டம், அப்புறம் தேயிலை. திருச்சி, மதுரை, புதுக்கோட்டை மாதிரியே சேலம் மாவட்டத்துலேர்ந்தும் ஜனங்க கங்காணி பின்னாடி கூட்டம் கூட்டமாப் போனாங்க. அங்க அவங்க குடியிருந்த வீட்டுக்குப் பேர் என்ன தெரியுமா? லைன். ராணுவ முகாம்ல சிப்பாய்களுக்கு வரிசையாக் கட்டற குடிசைக்கு இங்கிலீஷ்காரன் வச்ச பேர் அது. நம்ம போலீஸ் லைனும் அந்த வழியில வந்ததுதான். மலைநாட்டுத் தமிழ்ல அது லயன் ஆகி, லயம் ஆச்சு. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒரே கூரை.

சங்கீதத்துல லயம்னா தாளம். அங்க லயம்னா அந்த ஒத்தை அறை. அதுலயே சமையல், படுக்கை, பிரசவம், சாவு. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால லட்சக்கணக்கான பேர் எந்த நாட்டுக்காரர்னே இல்லாமப் போனாங்க. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் உடன்படிக்கை போட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. அதுவும் ஒரு லைன்தான். குடும்பத்துக்கு நடுவுல போட்டது. ஆயாவோட சித்தப்பா திரும்பி வரல. அவர் பிள்ளைங்க எந்தப் பக்கம் ஆனாங்கன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் சொல்லித் தந்தது ஞாபகம் இருக்கா? கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. ரெண்டாயிரத்து முந்நூறு வருஷம் முன்னாடி யூக்ளிட் எழுதி வச்சது. காகிதத்துல அது சரி. உங்க போன் மேப்லயும் அது சரி. ஆனா எங்க ஊர்ல நான் பார்த்த லைன் எல்லாத்துக்கும் அகலம் இருக்கு. அந்த அகலத்துல யாரோ ஒருத்தர் கம்போ கேழ்வரகோ போட்டிருப்பார்.

எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. அவர் கொல்லையில பெரிய டவர் ஒண்ணு நிக்குது. உயரழுத்த மின்சார லைன். கிராமத்துக்கு வர்ற கரண்ட் இல்லை. எங்கேயோ உற்பத்தியாகி, எங்கேயோ போறது. எங்க தலைக்கு மேல தாண்டிப் போகுது, அவ்வளவுதான். மழைத் தூத்தல்ல அடியில நின்னா கம்பி 'கிர்ர்'னு சத்தம் போடும். இந்த மாதிரி லைன் போகணும்னா கீழே எவ்வளவு அகலம் ஒதுக்கணும்னு அரசாங்கமே கணக்கு வச்சிருக்கு. 110 கிலோவோல்ட்டுக்கு 22 மீட்டர். 400 கிலோவோல்ட்டுக்கு 46 மீட்டர். சத்தீஸ்கர் ராய்கர்லேர்ந்து கரூர் மாவட்டம் புகளூர் வரைக்கும் வந்திருக்கே 800 கிலோவோல்ட் லைன், அந்த வகைக்கு 69 மீட்டர். 69 மீட்டர்னா 226 அடி. சென்னையில ஒரு தெருவையே அதுக்குள்ள அடக்கிடலாம்.

இதுல நிலத்தை வாங்க மாட்டாங்க. இதுதான் நகரத்துல இருக்கறவங்களுக்கு நான் அடிக்கடி விளக்க வேண்டியிருக்கு. வாங்கினா விலை தரணும், பட்டா மாறணும். இதுல பட்டா உங்க பேர்லயே இருக்கும். பயன்படுத்தற உரிமை மட்டும் அவங்களுக்கு. இது எந்தச் சட்டத்துல வருது தெரியுமா? 1885-ஆம் வருஷத்து இந்திய தந்திச் சட்டம். தந்திக் கம்பம் நட வெள்ளைக்காரன் எழுதினது. யார் நிலத்துலயும் கம்பம் நடலாம், லைன் இழுக்கலாம். நிலத்துல வேற உரிமை எதுவும் வராது. சேதாரத்துக்கு இழப்பீடு தரணும். சொந்தக்காரர் தடுத்தா மாவட்ட மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். ஒரு தந்திக் கம்பம் ஒரு முழ இடம்தான் எடுக்கும், நம்ம மாடு அதுல முதுகு சொறிஞ்சுக்கும், அவ்வளவுதான். அதனால அன்னிக்கு அந்தச் சட்டம் யாருக்கும் பெருசாத் தெரிஞ்சிருக்காது.

2003 மின்சாரச் சட்டம் அதே அதிகாரத்தை மின் லைன் போடறவங்களுக்கும் கொடுக்க வழி வச்சது. ஒரு முழத்துக்கு எழுதின சட்டம், 69 மீட்டருக்கு வேலை செய்யுது. 2013 ஜூலையில தந்திச் சேவையே நின்னு போச்சு. 2023-ல் புது தொலைத்தொடர்புச் சட்டம் வந்து பழைய தந்திச் சட்டத்தை எடுத்துட்டாங்க. ஆனா மின் லைன் போடற விஷயத்துல மட்டும் பழைய சட்டத்தோட அந்தப் பகுதி தொடரும்னு எழுதி வச்சாங்க. தந்தி செத்துப் போச்சு. தந்திக் கம்பம் மட்டும் டவரா வளர்ந்து நிக்குது.

அண்ணன் கொல்லையில டவர் நட்டப்போ அவருக்குக் கிடைச்சது வெட்டின தென்னைக்கும் பயிர்ச் சேதத்துக்கும்தான். 2015-ல்தான் மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. டவர் கால் ஊன்றின இடத்துக்கு நில மதிப்புல 85 சதவீதம், கம்பி போற அகலத்துக்கு 15 சதவீதம் வரைக்கும் தரலாம்னு. அண்ணனோடது அதுக்கு முந்தினது. பணம்கூடப் பெருசில்லைங்க. அவர் மகள் கல்யாணத்துக்கு அந்தக் கொல்லையில பாதியை விக்கப் பார்த்தார். வந்தவங்க எல்லாம் முதல்ல மண்ணைப் பார்க்கல, மேலே பார்த்தாங்க. அண்ணாந்து பார்த்துட்டு, "யோசிச்சுச் சொல்றோம்"னு போனாங்க. கடைசியில வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. பட்டாவுல இன்னும் ரெண்டு ஏக்கர் முழுசா அவர் பேர்லதான் இருக்கு. வரியும் முழுசாத்தான் கட்டறார்.

மண்ணுக்குள்ள போற லைனும் இப்படித்தான். கொச்சியிலேர்ந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டுபோற குழாய்த் திட்டம், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரின்னு ஏழு மாவட்டம் வழியா வர்றதா இருந்தது. 2013-ல் விவசாயிங்க பெருசா போராடினாங்க. வயல் வேணாம், நெடுஞ்சாலை ஓரமாக் கொண்டுபோங்கன்னு தமிழக அரசும் சொன்னது. 2016 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு ஆதரவாத் தீர்ப்பு சொன்னது. இதுக்கு 1962-ஆம் வருஷத்துச் சட்டம். இங்கயும் நிலம் உங்களுது, உரிமை அவங்களுது. சந்தை மதிப்புல 10 சதவீதம் தருவாங்க. அந்தப் பட்டையில வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. அந்தத் திட்டத்துக்கு அகலம் 20 மீட்டர். ரெண்டு ஏக்கர் வச்சிருக்கறவனுக்கு நடுவுல 20 மீட்டர் போனா மிச்சம் ரெண்டு துண்டு. ஒரு துண்டுல கிணறு இருக்கும், இன்னொண்ணுல இருக்காது.

படிக்கற சில பேருக்கு, "இவர் எல்லாத்துக்கும் எதிர்ப்பு போல"ன்னு தோணலாம். அப்படி இல்லை. கரண்ட் லைன் வந்த பிறகுதான் எங்க அப்பா கவலை ஏத்தம் இறைக்கறதை விட்டார். 1990-லேர்ந்து விவசாயத்துக்கு இலவச மின்சாரம். அது இல்லைன்னா இந்த மேட்டு பூமியில ஆயிரம் அடிக்குக் கீழே இருக்கற தண்ணியை எங்களால மேலே கொண்டுவர முடியாது. இந்தப் பதிவு உங்களுக்கு வர்றதும் ஒரு லைன்லதான். அப்புறம் எங்க ஊருக்கு அந்தப் பழைய ரயில் லைன் திரும்ப வேணும். உண்மையாவே வேணும். தருமபுரி ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் நேரா ஒரு ரயில் இருந்தா எவ்வளவு நல்லது. 2016-17 பட்ஜெட்ல மொரப்பூர்–தருமபுரி புது அகலப் பாதை அறிவிப்பு வந்தது, 36 கிலோமீட்டர். 2019 மார்ச்ல அடிக்கல் நாட்டினாங்க. அன்னிக்கு எங்க ஊர்ல ஸ்வீட் கொடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன்.

ஆனா அதே ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ரெண்டரை அடி லைன் இல்லை இது. அஞ்சரை அடி. கரை, வாய்க்கால், மின் கம்பம்னு சேர்த்தா அதோட அகலம் வேற. லைன் கொல்லைப் பக்கம் வருமா, தள்ளிப் போகுமா? வந்தா நிலம் போகும். தள்ளிப் போனா வேற ஒருத்தரோடது போகும். வேணும்னு சொல்ற வாய்தான் என் கொல்லை வேணாம்னும் சொல்லுது. இதை மறைக்காம எழுதணும்னு நினைச்சேன். எதிர்க்கறவங்க எல்லாம் வளர்ச்சி வேணாம்ங்கறவங்க இல்லை. கேக்கறவங்க எல்லாம் நிலத்தைப் பத்திக் கவலைப்படாதவங்களும் இல்லை. ரெண்டும் ஒரே ஆளா இருக்கலாம்.

ரயில்காரங்க ஒரு விஷயத்துல பரவாயில்லை. நிலத்தை எடுத்தா எடுத்தோம்னு எழுதி, விலை கொடுத்து, பட்டாவை மாத்திடறாங்க. என்ன போச்சுன்னு தெரியும். அழுதுட்டு எழுந்திரிக்கலாம். எங்க அண்ணன் மாதிரி, போகவும் போகாம இருக்கவும் இருக்காம வச்சிருக்கறதுதான் கஷ்டம். லைனுக்கு அகலம் உண்டுன்னு ஒத்துக்கிட்டு, அந்த அகலம் முழுக்க விலை கொடுத்தா பாதி சண்டை குறையும்னு எனக்குத் தோணுது. 2024 ஜூன்ல புது வழிகாட்டுதல் வந்து, டவர் காலுக்கு நில மதிப்புல 200 சதவீதம், கம்பி போற அகலத்துக்கு 30 சதவீதம்னு ஏத்தியிருக்காங்க. நல்ல விஷயம். அகலம் இருக்குன்னு கொஞ்சம் கொஞ்சமா ஒத்துக்கறாங்க.

உங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை பேப்பர்ல புது லைன் வருதுன்னு மேப் போட்டு சிவப்பு கலர்ல ஒரு கோடு இழுத்திருந்தா, அது எங்கேர்ந்து எங்க போகுதுன்னு மட்டும் பார்க்காதீங்க. அகலம் எவ்வளவுன்னு கேளுங்க. அது சட்டப்படி யார் பேர்ல இருக்கும், அதுல நாத்து நடறது யார்னு கேளுங்க. ஊர்ல அப்பா பேர்ல கொஞ்சம் நிலம் இருந்தா, அவர் இருக்கும்போதே அந்த எஃப்.எம்.பி.யை வாங்கி, எஃப் லைன் எது, ஜி லைன் எதுன்னு கூட நடந்து பார்த்து வச்சுக்கோங்க. லைன் வர்றப்போ தேடினா கிடைக்காது.

டீக்கடைக்கு வந்த அந்தச் சென்னைக்காரர் மறுநாள் ஊருக்குக் கிளம்பினார். ஸ்டேஷன்ல பார்த்தேன். பெரிய லைன்ல வண்டி வந்து நின்னு அவரை ஏத்திக்கிட்டு போச்சு. 1861-லேர்ந்து ஓடிக்கிட்டு இருக்கற அதே லைன். தாத்தா காலத்துச் சின்ன லைன் வந்து சேர்ந்த இடம் எதுன்னு அவருக்குக் கை காட்டலாம்னு நினைச்சேன், நேரம் இல்லை.

இன்னும் நிறைய இருக்கு. லைன்மேன்களைப் பத்தி தனியாவே ஒரு பதிவு எழுதணும். மணி பத்தேகால் ஆச்சு. மோட்டார் ரூம்ல லைட் எரியுது, லைன் வந்துடுச்சு. போய் தண்ணி கட்டணும். வர்றேன்.